பேர் இல்லாதவனுக்கு எதுக்குடா சிலை?

அப்பா இங்கே வந்து நான்காவது நாள். தூக்கம் பிடிபடாமல் விடியற்காலை நாலு மணிக்கே எழுந்து ஹாலில் உட்கார்ந்திருந்தவர், வெளிச்சம் வந்ததும் மங்கி குல்லாவை மாட்டிக்கொண்டு நடக்கக் கிளம்பினார். அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் அது மே மாதம், இங்கே இருப்பவர்கள் அரை டிராயரில் ஓடிக்கொண்டிருந்தார்கள். நானும் கூடவே போனேன். எங்கள் ஊர் சின்ன ஊர். நடுவில் ஒரு பெரிய புல்வெளி, ஒரு பக்கம் வெள்ளைக் கோபுரம் வைத்த தேவாலயம், எதிர்ப்பக்கம் நூலகம், புல்வெளியின் நடுவே ஒரு சிப்பாய் சிலை. தலையில் மடிந்த தொப்பி, தோளில் குறுங்கோட்டு, துப்பாக்கியின் கட்டையைத் தரையில் ஊன்றிக் குழாயை இரண்டு கையாலும் பிடித்தபடி நிற்பான். நியூ இங்கிலாந்து என்கிற இந்த வடகிழக்கு மாநிலங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். பத்து மைல் போனால் அடுத்த ஊரிலும் அவனே நிற்பான்.

அப்பா சிலையைச் சுற்றி வந்தார். “யாருடா இது?” என்றார். அமெரிக்க உள்நாட்டுப் போர் சிப்பாய் என்றேன், அடிமை முறையை விட மனமில்லாமல் பிரிந்துபோன தென் மாநிலங்களோடு வட மாநிலங்கள் போட்ட சண்டை. “அது தெரியுது. பேரு இன்னா?” பேரெல்லாம் கிடையாதுப்பா, பொதுவா ஒரு சிப்பாய் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வை, சின்ன வயதில் கணக்கில் நான் வாங்கிய மார்க்கைப் பார்த்த அதே பார்வை. “பேர் இல்லாதவனுக்கு எதுக்குடா சிலை?”

நியாயமான கேள்விதான். நம் ஊரில் சிலை என்றால் ஆள் யார் என்று இருட்டில் கூடச் சொல்லிவிடலாம். விரலைத் தூக்கினால் அண்ணா, தடி இருந்தால் காந்தி, கம்பிக் கூண்டுக்குள் நின்றால் அம்பேத்கர். தலைவருக்குத்தான் சிலை, அதன் கீழே திறந்துவைத்தவர் பேர் தலைவர் பேரைவிடப் பெரிய எழுத்தில் இருக்கும். யாரும் இல்லாத ஒருவனுக்கு பீடம் கட்டி நிறுத்துவது அப்பாவுக்குப் புரியவில்லை. எனக்கும் புரியவில்லை என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது. பதினோரு வருடமாக அந்த சிக்னலில் காரை நிறுத்தி அவனைப் பார்த்திருக்கிறேன். பச்சை விழுந்ததும் போய்விடுவேன்.

கேட்டலாக் சிப்பாய்

அன்றைக்கு சாயங்காலம் மறுபடியும் போய், யாரும் பார்க்காத நேரமாகப் பார்த்து பீடத்தை விரல் முட்டியால் தட்டினேன். டொங்கென்றது. கல் இல்லை, உள்ளே காலி. தேடிப் பிடித்தேன். எங்கள் மாநிலத்திலேயே பிரிட்ஜ்போர்ட் நகரத்தில் ‘மானுமென்டல் பிரான்ஸ் கம்பெனி’ என்று ஒன்று 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் கொடிகட்டிப் பறந்திருக்கிறது. ‘வெள்ளை வெண்கலம்’ என்று பெயர் வைத்து அவர்கள் விற்றது கிட்டத்தட்ட சுத்தமான துத்தநாகம். அச்சில் ஊற்றி, துண்டுகளைப் பொருத்தி, மேலே மணலை வீசியடித்துக் கல் போலத் தோன்றச் செய்வார்கள். கல்லைவிட, நிஜ வெண்கலத்தைவிட விலை குறைவு. கேட்டலாக்கைப் பார்த்து, உயரத்தையும் பக்கவாட்டுப் பலகைகளில் என்ன எழுத வேண்டும் என்பதையும் சொல்லிவிட்டால், சிப்பாய் ரயிலில் வந்து இறங்கிவிடுவான். அந்த நீலம் கலந்த சாம்பல் நிறத்தைப் பார்த்தால் போதும், துத்தநாகம் என்று கண்டுபிடித்துவிடலாம். கல்லறைத் தோட்டங்களில் பக்கத்துக் கற்களெல்லாம் பாசி பிடித்துக் கிடக்க, இவை மட்டும் எழுத்து மழுங்காமல் இருக்கும். ஆனால் துத்தநாகம் வெண்கலம் மாதிரி உறுதி கிடையாது. நூறு வருடத்தில் தன் கனத்தைத் தானே தாங்க முடியாமல் அடிப்பாகம் மெல்லப் பிதுங்க ஆரம்பித்துவிடும்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த சங்கதி, அவர்கள் வடக்குக்கும் விற்றார்கள், தெற்குக்கும் விற்றார்கள் என்பது. அதே முகம், அதே மீசை, அதே கால் வைப்பு. பெல்ட் பக்கிளில் யு.எஸ். என்பதற்குப் பதில் சி.எஸ். (தென் மாநிலங்களின் கூட்டமைப்பு), இன்னும் ஒன்றிரண்டு மாற்றம், அவ்வளவுதான். நாலு வருடம் ஒருவரை ஒருவர் கொன்று தீர்த்தவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு ஒரே அச்சு. மெய்ன் மாநிலத்தில் யார்க் என்ற ஊரில் 1906-இல் ஒரு சிலை வைத்தார்கள். அகன்ற விளிம்புத் தொப்பியும் தோளில் குறுக்கே சுருட்டிய போர்வையுமாக அவன் பார்க்க தென்னாட்டுக்காரன் போலவே இருப்பான். தெற்கே போக வேண்டிய சிலை மாறி இங்கே வந்துவிட்டது என்று அந்த ஊர்க்காரர்கள் ரொம்ப காலம் கதை சொல்லிக்கொண்டிருந்தார்கள். ஆள் மாறவில்லை, போர்தான் மாறியிருக்கிறது. அது 1898 ஸ்பானியப் போரில் அமெரிக்கச் சிப்பாய்கள் போட்ட உடை. சிலை செய்தவருக்குத் தன் காலத்துச் சிப்பாய்தான் கண்ணில் பட்டிருக்கிறான்.

தெற்கத்திச் சிலைகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் போனால் சண்டைக்கு வருவீர்கள். அவற்றில் பெரும்பாலானவை போர் முடிந்த கையோடு வைத்தவை அல்ல. 1890-களுக்குப் பிறகு, கறுப்பின மக்களின் ஓட்டுரிமையை ஒவ்வொன்றாகப் பிடுங்கிய அதே காலத்தில், கல்லறையில் வைக்காமல் நீதிமன்ற வாசலில் கொண்டுபோய் வைத்தவை. அது நினைவுச் சின்னம் இல்லை, மிரட்டல். வட கரோலினாவில் டர்ஹம் ஊரில் 1924-இல் வைத்த ஒன்றை 2017 ஆகஸ்டில் கயிறு கட்டி இழுத்தபோது கீழே விழுந்து அலுமினியத் தாள் மாதிரி கசங்கியதைப் பார்த்திருப்பீர்கள். உள்ளே ஒன்றுமே இல்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு ராத்திரி சாப்பாட்டில் அப்பாவிடம் கொஞ்சம் கேலியாகவே சொன்னேன். அந்தச் சிலை கடையில் வாங்கியதுப்பா, அச்சில் ஊற்றியது, ஊருக்கு ஊர் அதே ஆள்தான். அவர் ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே, “சதுர்த்திக்கு புள்ளையாரை எங்க வாங்கறோம்? அச்சுல அடிச்சதுதான. அதுக்கு இன்னா இப்போ?” என்றார். அதோடு பேச்சு முடிந்தது. ஆனால் எனக்கு முடியவில்லை. ஏமாந்த மாதிரி ஒரு உணர்வு. பதினோரு வருடம் திரும்பிப் பார்க்காத சிலையிடம் ஏமாற என்ன இருக்கிறது என்று கேட்டால் பதில் இல்லை.

விரல் வைத்துப் படித்தது

அப்பா 38 வருடம் தபால் இலாகாவில் இருந்தவர். பேரையும் விலாசத்தையும் பார்த்தால் விட மாட்டார். மறுநாள் காலை நான் எழுந்திருக்கும் முன்பே தனியாகப் போய்விட்டார். பயந்து தேடிக்கொண்டு போனால், பீடத்துக்கு முன்னால் குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக விரலை வைத்து வாசித்துக்கொண்டிருக்கிறார். நாலு பக்கமும் பேர்கள். நான் சிலையின் முகத்தைப் பார்த்து ஆராய்ச்சி செய்தேன், அவர் நேராக விலாசத்துக்குப் போய்விட்டார். “இங்க பாரு, மூணு பேருக்கு வீட்டுப் பேர் ஒண்ணாயிருக்கு. அண்ணன் தம்பியா?” தெரியவில்லை என்றேன். “ஆண்டர்சன்வில்லுனு பத்து தடவைக்கு மேல போட்டிருக்கான். அது எந்த ஊரு?”

அது ஜார்ஜியாவில் இருந்த தென்னாட்டுச் சிறைமுகாம். கூரை கிடையாது, மரக்கட்டை வேலிக்குள் திறந்த வெளி, குடிக்கவும் கழிக்கவும் ஒரே ஓடை. 1864 பிப்ரவரியில் திறந்து 14 மாதத்தில் சுமார் 45,000 பேரை அடைத்தார்கள், கிட்டத்தட்ட 13,000 பேர் செத்தார்கள். எங்கள் பக்கத்து ஊர்களின் பீடங்களில் அந்தப் பேர் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. அப்போது படையை ஊர் ஊராகத்தான் திரட்டினார்கள், பக்கத்து வீட்டுப் பையன்கள் ஒரே படைக் கம்பெனியில் சேர்ந்துகொண்டார்கள். 16-ஆவது கனெக்டிகட் படைப்பிரிவு 1862 ஆகஸ்டில் சேர்ந்தது. மூன்று வாரத்தில் மேரிலாந்தில் ஆன்டீட்டம் போர்க்களம். துப்பாக்கியில் முதல்முறையாகக் குண்டு போட்டுப் பழகியதே முந்தின நாள்தான். செப்டம்பர் 17 அன்று ஒரு சோளக்கொல்லையில் சிதறடிக்கப்பட்டார்கள். மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் 1864 ஏப்ரலில் வட கரோலினாவில் மொத்தமாகப் பிடிபட்டு ஆண்டர்சன்வில் போனார்கள். பிடிபடும் முன் படைக்கொடியை எதிரி கையில் கொடுக்க மனமில்லாமல் கிழித்து ஆளுக்கு ஒரு துண்டாக உடம்பில் ஒளித்துக்கொண்டார்கள். திரும்பி வந்த துண்டுகளை வைத்துத் தைத்த கொடி இன்றும் ஹார்ட்ஃபோர்ட் மாநில சட்டமன்றக் கட்டடத்தில் இருக்கிறது.

செத்தவர்கள் பேர் எப்படித் தெரிந்தது என்று அப்பா கேட்டார். இதைச் சொல்லும்போதுதான் அவர் நிஜமாகவே நிமிர்ந்து உட்கார்ந்தார். டெரிவில் என்ற ஊர், எங்களுக்கு ரொம்ப தூரமில்லை. அந்த ஊர்ப் பையன் டோரன்ஸ் அட்வாட்டர், வயது இருபது கூட ஆகவில்லை. கையெழுத்து நன்றாக இருந்ததால் முகாமின் சாவுப் பதிவேட்டை எழுதும் வேலையை அவனுக்குக் கொடுத்தார்கள். அவன் தினமும் திருட்டுத்தனமாக இன்னொரு பிரதி எழுதி, கோட்டின் உள்துணியில் ஒளித்து வெளியே கொண்டுவந்துவிட்டான். 1865 கோடையில், போர்க்களத்தில் காயம்பட்டவர்களைப் பார்த்துக்கொண்ட கிளாரா பார்ட்டன் என்ற பெண்மணி அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு அவனோடு ஆண்டர்சன்வில் போய்க் கல்லறைகளுக்குப் பேர் போட வைத்தார். சுமார் 460 கல்லறைகள் மட்டும் ‘தெரியாதவர்’ என்று நின்றன. பட்டியல் யாருக்குச் சொந்தம் என்று போர்த்துறையோடு தகராறு வந்து, அவனையே ராணுவ நீதிமன்றத்தில் நிறுத்திச் சிறையில் போட்டார்கள் என்பது தனிக் கதை. அரசாங்கம் எந்த ஊரிலும் அரசாங்கம்தான். காணாமல் போன சிப்பாய்களைத் தேட பார்ட்டன் வாஷிங்டனில் நடத்திய அலுவலகத்துக்கு 63,000-க்கும் மேல் கடிதங்கள் வந்தன, 22,000 பேருக்கு என்ன ஆனது என்று அவர் கண்டுபிடித்துச் சொன்னார்.

“அறுபத்து மூவாயிரமா?” என்றார் அப்பா. மனசுக்குள் பை பையாகப் பிரித்து அடுக்குகிறார் என்று தெரிந்தது. அப்போது சிப்பாய்களுக்கு அடையாளத் தகடு எதுவும் கொடுக்கவில்லை, சண்டைக்கு முந்தின ராத்திரி பேரையும் ஊரையும் காகிதத்தில் எழுதி முதுகில் குத்திக்கொண்டு போனவர்கள் உண்டு என்றேன். “விலாசம் ஒட்டிக்கிட்டுப் போயிருக்கான்” என்றார். கொஞ்ச நேரம் பேசவே இல்லை.

மிச்சம் விட்ட இடம்

அந்த வார சனிக்கிழமை அவரை கென்சிங்டன் கூட்டிப்போனேன். பெர்லின் ஊரைச் சேர்ந்த சிறு பகுதி அது, எங்களிடமிருந்து அரை மணி நேரம். காங்கிரிகேஷனல் தேவாலயத்துக்குப் பக்கத்தில், சாலையோரப் புல்லில் ஒரு பழுப்பு மணற்கல் தூண். மேலே போகப் போகச் சிறுத்துக் கூர்மையாகும். சிப்பாய் இல்லை, குதிரை இல்லை. தெரியாமல் போனால் யாரோ பணக்காரர் கல்லறை என்று தாண்டிவிடுவீர்கள். உள்நாட்டுப் போர் நினைவுச் சின்னங்களிலேயே மிகப் பழையவற்றில் ஒன்று. அந்த ஊர் ஓவியர் நெல்சன் அகஸ்டஸ் மூர் வரைந்து கொடுத்தது. கல் பக்கத்து போர்ட்லண்ட் குவாரியிலிருந்து வந்தது. தெற்கின் கலகத்தை அடக்குவதில் மாண்டவர்களுக்கு என்று எழுதியிருக்கும். உள்நாட்டுப் போர் என்று இல்லை, கலகம். ஆறாத கோபத்தில் வெட்டிய எழுத்து.

கல்லில் வருடம் 1863. நான் அதற்கு முன் இரண்டு தடவை அந்த வழியாகப் போயிருக்கிறேன், அந்த நாலு எண்ணில் எதுவும் தோன்றவில்லை. அப்பாதான் கேட்டார். “சண்டை எப்ப முடிஞ்சிதுன்னு சொன்ன?” 1865 ஏப்ரல் என்றேன். “அப்போ நடக்கும்போதே வெச்சிட்டானுங்களா?” ஆமாம், 1863 ஜூலை. கெட்டிஸ்பர்க் என்ற பெரிய சண்டை நடந்த அதே மாதம். “மிச்சம் பேருக்கு?”

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிறகு செத்தவர்களின் பேர்களைப் பிறகு வெட்டினார்கள். அதாவது இந்தக் கல் நின்ற முதல் இரண்டு வருடம் இதில் காலி இடம் இருந்திருக்கிறது. இந்தச் சின்ன ஊரில், ஞாயிற்றுக்கிழமை தோறும் தேவாலயத்துக்குள் போகிற அத்தனை பேரும் இதைத் தாண்டித்தான் போயிருப்பார்கள். மகன் வர்ஜீனியாவிலோ லூசியானாவிலோ இருக்கிறான், கடைசிக் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது, உள்ளே போகும்போது ஒரு தடவை, பாட்டுப் பாடி முடித்து வெளியே வரும்போது ஒரு தடவை, வழவழவென்று தேய்த்து வைத்த அந்த வெற்றுக் கல்லை ஒரு தாய் பார்த்திருப்பாள். அதில் எத்தனை பேர் எழுதலாம் என்று கண்ணால் அளந்திருக்க மாட்டாளா? போரை நிறுத்து என்று சொல்வதற்கு இதைவிடப் பெரிய பேச்சு யாரும் பேசியிருக்க முடியாது. கல்லை நட்டவர்கள் அந்த அர்த்தத்தில் நடவில்லை என்பது வேறு விஷயம்.

எங்கள் ஊர் துத்தநாகச் சிப்பாய் மேல் எனக்கிருந்த கோபம் அந்த இடத்தில் போய்விட்டது. ஊர் தன் பணத்தை முகத்துக்குச் செலவு செய்யவில்லை. முகம் கேட்டலாக்கிலேயே இருந்தது. கொட்டை எழுத்துப் பலகைகள்தான் அந்த ஊர் எழுதிக் கொடுத்து வாங்கியவை, வேறு எந்த ஊருக்கும் விற்க முடியாதவை. அதுவும் எல்லோருக்கும் கிடைக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கறுப்பினத்தவர்களைத் திரட்டி 1864 மார்ச்சில் நியூ ஹேவனிலிருந்து அனுப்பிய 29-ஆவது கனெக்டிகட் படைப்பிரிவு, தெற்கின் தலைநகரான ரிச்மண்டுக்குள் முதலில் நுழைந்த காலாட்படைகளில் ஒன்று. அவர்கள் அணிவகுத்து நின்ற அந்தப் பூங்காவில் அவர்கள் பேர்களோடு கல் நின்றது 2008-இல். 144 வருடம்.

செத்தவர்கள் மொத்தம் 6,20,000 என்று நூறு வருடத்துக்கு மேல் பாடப் புத்தகங்களில் சொல்லிவந்தார்கள். 2011-இல் டேவிட் ஹேக்கர் என்ற வரலாற்றாய்வாளர் மக்கள்தொகைக் கணக்குகளை ஒப்பிட்டு, 7,50,000 அளவுக்கு இருக்கும் என்றார். இடைவெளியே ஒரு லட்சத்துக்கு மேல். எந்தப் பலகையில் அவர்களை எழுதுவது?

தந்தி

திரும்பி வரும்போது அப்பா காரில் ஒரு கதை சொன்னார். நாற்பத்தைந்து வருடம் அவர் மகனாக இருந்தும் நான் கேட்காத கதை. 1971 டிசம்பர், பாகிஸ்தானோடு போர். அவர் கிளை அஞ்சலகத்தில் ஈ.டி. (இலாகாவின் நிரந்தர ஊழியர் அல்லாத) வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. எங்கள் வேலூர்ப் பக்கம் பட்டாளத்துக்குப் போகாத வீடு குறைவு. பக்கத்து ஊருக்கு ஒரு தந்தி. ஆங்கிலத்தில் படைப்பிரிவு எண் முதலில், அப்புறம் பேர். பேரில் ஏதோ எழுத்து மாறி, குப்புசாமி கொப்புஸ்மி ஆகியிருந்தது. இவர் வாசலில் நின்று படித்தார். அம்மா கேட்டுவிட்டு, “அது எம்புள்ள பேரு இல்லப்பா. நீ வேற வூட்டுக்குக் கொண்டு போ” என்றாளாம். இவருக்கு வயது இருபத்திரண்டு. நம்பரைப் பார்க்கச் சொல்லியிருக்கலாம், வீட்டில் பழைய கவர் இருக்கும், ஒப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சரிம்மா என்று தந்தியைப் பையில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். மூன்றாம் நாள் வேறு ஆளைத் துணைக்கு அழைத்துக்கொண்டு மறுபடி போனார். “அந்த ரெண்டு நாளும் அந்தப் பொம்பள சமைச்சிருப்பா, சாப்பிட்டிருப்பா இல்ல?” என்றார். கேள்வியா, சமாதானமா தெரியவில்லை. நான் ரோட்டைப் பார்த்து ஓட்டினேன்.

அப்புறம் சம்பந்தமே இல்லாத மாதிரி, “நம்மூர் சாவடி செவுத்துல ஒரு வெள்ளைக் கல்லு இருக்குமே, பாத்திருக்கியா?” என்றார். பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் நாலு வரி. இந்த கிராமத்திலிருந்து இத்தனை பேர் 1914–1919 பெரும் போருக்குச் சென்றனர், அவர்களில் இத்தனை பேர் உயிர் நீத்தனர். தமிழ்நாட்டில் இப்படிப்பட்ட பலகைகள் பல ஊர்களில் உண்டு. ஒன்றில் கூட நான் பேரைப் பார்த்ததில்லை. எண்தான். இராக்கில் பாஸ்ராவில் 40,000-க்கும் மேற்பட்டவர்களுக்காக ஒரு பெரிய நினைவுச் சுவர் இருக்கிறது, அதிலும் வெள்ளைக்காரச் சிப்பாய்க்குப் பேர், இந்தியர்களில் அதிகாரிகளுக்குப் பேர், சாதாரண இந்தியச் சிப்பாய்க்குப் படைப்பிரிவின் கீழே ஒரு எண்ணிக்கை. காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையமே 2021-இல் இந்த பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு அறிக்கை விட்டது. “எத்தினி பேரு செத்தாங்கன்னு போட்டிருக்கும்? நாலா, அஞ்சா?” என்றார் அப்பா. எனக்கு ஞாபகம் இல்லை. அவருக்கும் இல்லை. அந்தச் சாவடியில்தான் அவர் 38 வருடம் சைக்கிளை நிறுத்தியிருக்கிறார்.

அடுத்த பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். சாவடிக்குப் புதுசாகப் பச்சை பெயிண்ட் அடித்திருந்தார்கள், கல்லையும் சேர்த்து. அதற்கடியில் நீலம், அதற்கடியில் சுண்ணாம்பு. கடைசி வரியின் எண் முழுக்க அடைந்துபோயிருந்தது. பத்து ரூபாய் நாணயத்தின் விளிம்பை வைத்துச் சுரண்டினேன். திண்ணையில் படுத்திருந்த பெரியவர் எழுந்து உட்கார்ந்து, என்ன தேடறே தம்பி என்றார். சொன்னேன். “அதுல ஒருத்தரு எங்க தாத்தாவோட அண்ணன்தான்” என்றார் சாதாரணமாக. கையை எடுத்துவிட்டுத் திரும்பினேன்.

“அவர் பேரு இன்னாங்க?”

அவர் கொஞ்சம் யோசித்தார். பக்கத்தில் இருந்தவரைப் பார்த்தார். “சண்டைக்குப் போனவருன்னுதான் வூட்ல சொல்லுவாங்க” என்றார்.

எண் 4.